தேவாலயங்களும் நகரச் சதுக்கங்களும் அஞ்சல்தலையில்: சென்னையிலிருந்து தொகுப்பைத் தொடங்க ஒரு முழு வழிகாட்டி

பரங்கிமலை உச்சியில் இருக்கும் மாதா கோயிலின் பீடத்தில் ஒரு கற்சிலுவை பதிந்திருக்கிறது. சுற்றிலும் பஹ்லவி எழுத்து ஓடும் அந்தச் சிலுவை, 1547-இல் போர்த்துகீசியர் அங்கே கட்டட வேலை செய்தபோது கிடைத்தது. 1973 ஜூலை 3 அன்று புனித தோமா மறைந்து 19 நூற்றாண்டுகள் ஆனதன் நினைவாக வந்த 20 பைசா அஞ்சல்தலையில் இருப்பது அதே சிலுவைதான். அதற்கு முன்பே, 1964 டிசம்பர் 2 அன்று, போப் ஆறாம் பவுல் பம்பாய் வந்திறங்கிய நாளில், தோமாவுக்கு இன்னொரு தலை வெளியானது. ஆனால் அதில் இருக்கும் உருவம் மயிலாப்பூரிலிருந்து எடுத்ததல்ல, இத்தாலியில் ஒர்த்தோனா என்ற ஊரின் பேராலயத்தில் உள்ள சிலை. தோமாவின் எலும்புகள் 1258-இல் தங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தன என்பது ஒர்த்தோனாக்காரர்களின் நம்பிக்கை. அவர் அடக்கமானது தங்கள் மண்ணில்தான் என்பது மயிலாப்பூர் சாந்தோமின் நம்பிக்கை. இரண்டு தலைகளையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடல் கடந்த இரண்டு ஊர்களின் கதை அந்தத் தாளில் வந்து நிற்கும்.

தேவாலயத் தலைகளை நான் இப்படித்தான் சேர்க்கச் சொல்வேன். கோபுரம் அழகாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டே போனால் ஆல்பம் நிறையும், தொகுப்பு உருவாகாது. ஒரு கட்டடம் தலையில் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் அதற்கு ஏதோ நடந்திருக்கிறது: எரிந்திருக்கிறது, சரிந்திருக்கிறது, திரும்ப எழுந்திருக்கிறது, அல்லது ஒரு நூற்றாண்டைத் தாண்டியிருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடிப் பிடிப்பதுதான் இந்தச் சேகரிப்பின் உயிர்.

முதல் படி: பணம் செலவழிக்கும் முன் கதையைத் தேர்ந்தெடுங்கள்

நாடு வாரியாகச் சேர்க்கலாம். கட்டடக் கலைப் பாணி வாரியாகவும் சேர்க்கலாம். இரண்டுமே நல்ல வழிகள்தான். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: இடிந்து எழுந்த கட்டடங்கள். இதில் தலைகளின் எண்ணிக்கை கைக்கு அடங்கும், ஒவ்வொன்றுக்கும் சொல்ல விஷயம் இருக்கும்.

வெனிஸ் நகரின் புனித மாற்கு சதுக்கத்திலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்த மணிக்கூண்டு 1902 ஜூலை 14 காலையில் அப்படியே சரிந்து விழுந்தது. எங்கே இருந்ததோ அங்கேயே, எப்படி இருந்ததோ அப்படியே கட்டுவோம் என்று நகரம் முடிவெடுத்தது. 1912 ஏப்ரல் 25, மாற்குவின் திருநாளில் புதுக் கூண்டு திறக்கப்பட்டது. அதற்காக இத்தாலி 5 சென்டெசிமி, 15 சென்டெசிமி என்று இரண்டு தலைகள் வெளியிட்டது. தேவாலயம், சதுக்கம், வீழ்ச்சி, மீட்சி எல்லாம் அந்த ஜோடியில் அடக்கம்.

அடுத்தது வார்சா. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு போலந்து 'வார்சா குற்றம் சாட்டுகிறது' என்ற பெயரில் 6 தலைகள் கொண்ட தொடரை வெளியிட்டது. ஒவ்வொரு தலையிலும் ஒரே கட்டடம் இரண்டு முறை வரும்: 1939-இல் நின்ற கோலம், 1945-இல் கிடந்த கோலம். அரண்மனை, நகர மன்றம், தலைமை அஞ்சலகம் ஆகியவற்றோடு புனித யோவான் பேராலயமும் திருச்சிலுவைக் கோயிலும் அந்தத் தொடரில் உண்டு. பிற்காலத்தில் பழைய நகரச் சதுக்கத்தை மீண்டும் கட்டியபோது, பெலோட்டோ என்ற 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் வரைந்த நகரக் காட்சிகளையும் பார்த்துக் கட்டினார்கள். 1980-இல் யுனெஸ்கோ அந்தப் பழைய நகரைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பின்னாளில் வந்த போலந்து தலைகளில் அந்தச் சதுக்கம் கிடைத்தால், இந்த 6 தலைகளுக்கு அடுத்த தாளில் வையுங்கள்.

வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயம் 1945 ஏப்ரலில் தீப்பிடித்துக் கூரை விழுந்தது. மறு ஆண்டே ஆஸ்திரியா 10 தலைகள் வெளியிட்டு அதன் மூலம் கட்டுமான நிதி திரட்டியது. முகமதிப்பைவிட, அதாவது தலைக்கான அஞ்சல் விலையைவிட, நன்கொடைப் பங்கு பெரிது: 3 க்ரோஷன் தலைக்கு 12 க்ரோஷன் கூடுதல். கடிதம் போட்டவர்கள் கல்லும் சுண்ணாம்பும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இப்படிக் கூடுதல் தொகையோடு வரும் தலைகளைச் சேகரிப்பாளர்கள் 'செமி-போஸ்டல்' என்பார்கள். முகமதிப்பு, கூட்டல் குறி, நன்கொடை என்று தலையிலேயே அச்சிட்டிருக்கும். கொலோன் பேராலயத்தின் 700-ஆம் ஆண்டுக்கு 1948-இல் வந்த ஜெர்மன் தலைகளும், பெர்லினின் கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயத்துக்கு 1953-இல் வந்த மேற்கு பெர்லின் தலைகளும் இதே வகை. பெர்லின்காரர்கள் உடைந்த கோபுரத்தைச் சீர்செய்யாமல் அப்படியே நிறுத்தி, பக்கத்தில் புதுத் தேவாலயம் கட்டினார்கள். எழுப்பாமல் விட்டதும் ஒரு முடிவுதான் என்பதால், அதற்கு உங்கள் தொகுப்பில் தனித் தாள் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது லூபெக் கதை. 1942-இல் குண்டு விழுந்து புனித மரியா தேவாலயம் எரிந்தபோது சுவர்ப் பூச்சு உதிர்ந்து, அடியிலிருந்த இடைக்கால ஓவியங்களின் சுவடுகள் தெரிந்தன. போருக்குப் பின் அவற்றை மீட்கும் வேலை நடந்தது. 1951-இல் தேவாலயத்தின் 700-ஆம் ஆண்டு விழா, நாடே திரண்டு பார்த்தது, மேற்கு ஜெர்மனி அந்த ஓவியங்களைக் காட்டும் இரண்டு தலைகளை வெளியிட்டது. 1952-இல் லோத்தார் மால்ஸ்காட் என்ற ஓவியர் முன்வந்து, அவற்றில் பெரும்பகுதி தன் கையால் வரைந்தவை என்று ஒப்புக்கொண்டார். வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது. போலி ஓவியத்தை அரசே அசல் அஞ்சல்தலையில் அச்சிட்ட கதை இது. தலைகளின் விலை சற்று அதிகம். முத்திரை குத்தியவை கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் விடாதீர்கள்.

இவ்வளவு பெரிய துயரங்கள் வேண்டாம், அமைதியாகத் தொடங்குகிறேன் என்பவர்களுக்கு பிரிட்டன் நல்ல இடம். 1969-இன் பேராலயத் தொடரில் டர்ஹாம், யார்க், கான்டர்பரி, லண்டனின் புனித பவுல் எல்லாம் உண்டு. 1972-இன் கிராமத் தேவாலயத் தொடரில் 5 தலைகள், அதில் கிரீன்ஸ்டெட் என்ற ஊரின் மரத் தேவாலயமும் ஒன்று. ஏராளமாக அச்சிட்டவை என்பதால் இரண்டு தொடர்களும் சல்லிசாகக் கிடைக்கும்.

சதுக்கம் என்பதை வெறும் திறந்த வெளியாகப் பார்க்காதீர்கள். மயிலாப்பூரில் தெப்பக்குளமும் மாட வீதியும் செய்யும் வேலையை ஐரோப்பிய ஊர்களில் சதுக்கம் செய்கிறது: சந்தை, ஊர்வலம், தீர்ப்பு, திருவிழா எல்லாம் அங்கேதான். பிரஸ்ஸல்ஸின் பெரிய சதுக்கம் 1695-இல் பிரெஞ்சுப் பீரங்கிகளால் தரைமட்டமாகி, சில ஆண்டுகளிலேயே வணிகர், கைவினைஞர் சங்கங்களின் மாளிகைகளோடு எழுந்தது. சியெனாவின் சதுக்கத்தில் இன்றும் குதிரைப் பந்தயம் ஓடுகிறது. தலையில் சதுக்கம் வந்தால், அங்கே என்ன நடக்கும் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

இரண்டாம் படி: எந்த நாட்டுத் தலை என்று படிக்கப் பழகுங்கள்

நாடுகள் தங்கள் பெயரைத் தங்கள் மொழியிலேயே அச்சிடும். ஹெல்வெஷியா என்றிருந்தால் சுவிட்சர்லாந்து. மக்யார் என்றால் ஹங்கேரி, சுவோமி என்றால் பின்லாந்து, ஸ்வேரியே என்றால் சுவீடன், ஹர்வாட்ஸ்கா என்றால் குரோஷியா. ஆஸ்திரியா தன்னை ஓஸ்டெரைக் என்று எழுதும். பெயரே இல்லாமல் மூலையில் அரசர் அல்லது அரசியின் முக உருவம் மட்டும் இருந்தால் அது பிரிட்டன். அடையாளம் கண்டபின் கேட்டலாக்கில் எண் பாருங்கள். உலகத் தலைகளுக்கு ஸ்டான்லி கிப்பன்ஸ், ஐரோப்பாவுக்கு மிக்கெல். ஒரே தலைக்கு இரண்டிலும் வேறு எண் இருக்கும், குறித்து வைக்கும்போது எந்த கேட்டலாக் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

லென்ஸ் ஒன்று அவசியம், பத்து மடங்கு பெரிதாக்கினால் போதும். கல் கட்டடங்களுக்கு மிகப் பொருத்தமான அச்சு முறை செதுக்கச்சு. உலோகத் தகட்டில் கையால் கோடு கோடாகச் செதுக்கி அச்சிட்டது. விரல் நுனியால் மெதுவாகத் தடவினால் மை மேடாகத் தட்டுப்படும். செக்கோஸ்லோவாக்கியா, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாட்டுப் பழைய தலைகளில் கோபுரத்தின் நிழல்கூட தனித்தனிக் கோடாகத் தெரியும். ஒளி அச்சில் லென்ஸ் வழியே பார்த்தால் புள்ளிகள்தான் தெரியும்.

மூன்றாம் படி: சென்னையில் எங்கே தேடுவது

இந்தியப் புது வெளியீடுகளுக்கு அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தின் பிலாட்டெலிக் பீரோ, அதாவது சேகரிப்பாளர்களுக்கான பிரிவு. நினைவுத் தலைகளை முகமதிப்புக்கே அங்கே வாங்கலாம், மேலே ஒரு பைசா வேண்டாம். நினைவுத் தலைகள் தீர்ந்தால் மறுபடி அச்சிடுவதில்லை. அதனால் பிலாட்டெலிக் டெபாசிட் கணக்கு தொடங்கிவிடுவது நல்லது. 200 ரூபாய் கட்டித் தொடங்கினால், எத்தனை தலை, எத்தனை முதல் நாள் உறை, எத்தனை விவரக் குறிப்பு வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தபடி ஒவ்வொரு வெளியீட்டையும் கழித்துக்கொண்டு அனுப்புவார்கள். விவரக் குறிப்பு என்ற அந்த மடிப்புத் தாளைத் தவிர்க்காதீர்கள். வெளியான தேதி, அச்சிட்ட முறை, அச்சகம், எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். பின்னால் கண்காட்சித் தாள் எழுத உட்காரும்போது அதுதான் கைகொடுக்கும்.

வெளிநாட்டுத் தலைகளுக்கும் பழைய இந்தியத் தலைகளுக்கும் ஆட்களைத்தான் தேட வேண்டும். 1956 முதல் இயங்கும் தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்போர் சங்கம் சென்னையில்தான் இருக்கிறது. உறுப்பினர் கூட்டத்தில் ஒரு மாலை உட்கார்ந்து பெரியவர்கள் தலையைக் கையாளும் விதத்தைப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். "ஐயா, நான் சர்ச் தீம் சேர்க்கிறேன்" என்று ஒருமுறை சொல்லி வைத்தால் போதும், அடுத்த கூட்டத்துக்கு யாராவது ஒரு கவர் நிறைய எடுத்து வருவார்கள். அங்கே பரிமாற்றம்தான் நாணயம், ஆகவே உங்களிடம் இரட்டையாக இருப்பவற்றைத் தனிப் புத்தகத்தில் எடுத்துச் செல்லுங்கள். மாநில அளவிலான டானாபெக்ஸ் கண்காட்சி நடக்கும் நாட்களில் வியாபாரிகள் பலர் ஒரே கூரையின் கீழ் கடை போடுவார்கள், விலை ஒப்பிட அதைவிட நல்ல இடம் இல்லை.

நான்காம் படி: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

புதிய தலையானால் திருப்பிப் பாருங்கள். பசை முழுதாக, ஒட்டிய தடமே இல்லாமல் இருந்தால் ஒரு விலை. ஹிஞ்ச் (தலையை ஆல்பத்தில் பிடித்து வைக்கும் சிறு பசைத் தாள்) ஒட்டிய தடம் இருந்தால் விலை குறையும். உங்கள் நோக்கம் கதை என்றால், ஹிஞ்ச் தடம் உள்ளதைக் குறைந்த விலைக்கு வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் ஓரத்தின் துளைப் பல் உடைந்தது, மடிப்பு விழுந்தது, பின்புறம் மெலிந்தது மூன்றையும் தவிர்க்க வேண்டும். மெலிவைக் கண்டுபிடிக்க விளக்குக்கு நேரே பிடியுங்கள், அந்த இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும்.

முத்திரை குத்தியிருந்தும் பின்னால் பசை அப்படியே இருக்கிறதா? அது தபாலில் போகாமல் அச்சகத்திலேயே முத்திரை வாங்கிய தலை. கிழக்கு ஐரோப்பிய நாடுகள் இப்படி ஏராளமாக விற்றன. சிறுவர்கள் சேர்க்க நல்லது, கண்காட்சித் தாளுக்கு வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. சில நாடுகளின் பெயரில், அந்த நாட்டு அஞ்சல்துறைக்கே தெரியாமல் அச்சிட்ட போலி வெளியீடுகள் இணையச் சந்தையில் உலவுகின்றன. பளபளக்கும் தேவாலயப் படங்களோடு மினியேச்சர் ஷீட்டாக, அதாவது ஓரிரு தலைகள் மட்டும் கொண்ட சிறு தாளாக வரும். சர்வதேச அஞ்சல் ஒன்றியம் 2002-இல் தொடங்கிய டபிள்யூ.என்.எஸ். எண் பட்டியலில் பல நாடுகளின் அதிகாரபூர்வ வெளியீடுகள் பதிவாகின்றன. சந்தேகம் வந்தால் அங்கேயும், அதில் இல்லாத நாடென்றால் கேட்டலாக்கிலும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஐந்தாம் படி: உறையிலிருந்து பிரிப்பது

முதலில் பிரிக்க வேண்டுமா என்று யோசியுங்கள். முத்திரை தெளிவாக, ஊர்ப் பெயர் படிக்கும்படி இருந்தால் உறையோடு வைப்பதே மேல். பிரிப்பதென்றால், ஓரம் விட்டு வெட்டி, சாதாரணத் தண்ணீரில் படம் மேல்நோக்கி மிதக்க விடுங்கள். தானாகக் கழன்று வரும், இழுக்காதீர்கள். சிவப்பு, ஊதா நிற உறைகளைத் தனிக் கிண்ணத்தில் போடுங்கள், சாயம் இறங்கும். ஒற்றுத்தாளில் கவிழ்த்து உலர்த்தி, பிறகு கனமான புத்தகத்துக்குள் வையுங்கள். தானே ஒட்டும் வகைப் புதுத் தலைகள் பல தண்ணீரில் கழலாது, அவற்றை உறைத் தாளோடு சேர்த்துச் சதுரமாக வெட்டி வைப்பதுதான் பாதுகாப்பு.

ஆறாம் படி: சென்னைக் காற்றிலிருந்து காப்பது

வெளிநாட்டுக் கையேடுகள் ஒரு வரியில் தாண்டிப்போகும் இந்த விஷயம்தான் நமக்கு முக்கியம். கடற்கரை நகரம், வருடம் முழுக்க ஈரக்காற்று, ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும். ஈரத்தில் பசை இளகி, புதிய தலை பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பூஞ்சை படிந்து தாளில் பழுப்புப் புள்ளிகள் வரும். சேகரிப்பாளர்கள் அதைத் 'துரு' என்பார்கள். அந்தத் துரு ஒரு தலையில் வந்தால் பக்கத்துத் தலைக்கும் பரவும். கண்டவுடன் அதைத் தனியே எடுத்துவிட வேண்டும்.

ஆல்பங்களைப் படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், அழுத்தத்தில் பசை ஒட்டும். நெட்டுக்குத்தாக, நெருக்கம் இல்லாமல் நிறுத்துங்கள். பீரோவை வெளிச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், குளியலறைச் சுவர் பக்கம் வேண்டவே வேண்டாம். சிலிக்கா ஜெல் பைகளை அடுக்கில் வைத்து, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வையுங்கள். அந்துருண்டையை ஆல்பத்தோடு வைக்கக் கூடாது, அதன் ஆவி பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பி.வி.சி. உறைகளும் ஆகாது, சில ஆண்டுகளில் கொழகொழத்துத் தலையில் எண்ணெய்க் கறை விடும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

மழை இல்லாத நாளில், மாதம் ஒருமுறையாவது, எல்லாப் பக்கங்களையும் திறந்து மின்விசிறிக் காற்றில் கொஞ்ச நேரம் புரட்டுங்கள். வெயிலில் வைக்கக் கூடாது, நிறம் போய்விடும். புரட்டும்போது வெள்ளிப் பூச்சி ஓடுகிறதா என்றும் பாருங்கள். பசையும் தாளும் அதற்கு விருந்து. வியர்த்த விரலால் தலையைத் தொடாதீர்கள், தட்டை முனைச் சாமணம் ஒன்று கையோடு இருக்கட்டும். தாள் எழுத அமிலம் இல்லாத அட்டை வேண்டுமென்றால், பாரிமுனையில் ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் தரம் சொல்லிக் கேளுங்கள்.

ஏழாம் படி: மேக்ஸிமம் கார்டு

தேவாலயம் சேர்ப்பவருக்கு இதைவிட இன்பமான வேலை கிடையாது. தலையில் உள்ள அதே கட்டடத்தின் படம் கொண்ட அஞ்சலட்டை, அதன் படப் பக்கத்திலேயே ஒட்டிய தலை, அந்தக் கட்டடம் இருக்கும் ஊரின் முத்திரை: பொருள், இடம், காலம் மூன்றும் பொருந்த வேண்டும். தலையை அப்படியே பெரிதாக்கி அச்சிட்ட அட்டை செல்லாது, வேறு கோணத்தில் எடுத்த புகைப்படம் வேண்டும். அட்டைப் பரப்பில் முக்கால் பங்காவது படமாக இருக்க வேண்டும். இந்தியாவில் ஒரு தேவாலயத்துக்குத் தலை வரப்போகிறது என்ற செய்தி தெரிந்ததுமே அட்டையைத் தயார் செய்துகொண்டு, வெளியீட்டு நாளில் அந்த ஊரிலேயே முத்திரை வாங்குங்கள்.

தலையே வராத சென்னைத் தேவாலயங்களையும் தொகுப்புக்குள் கொண்டுவர ஒரு வழி உண்டு. கோட்டைக்குள் 1680-இல் திறந்த புனித மரியா, எழும்பூரில் கிணறு கிணறாக அஸ்திவாரம் இறக்கிக் கட்டிய புனித அந்திரேயா, ஆர்மீனியன் தெருவில் 1772-இல் எழுந்த ஆர்மீனியர் கோயில், 1516-இன் லஸ் பிரகாச மாதா: இவற்றில் பலவும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சென்னைப் படத் தபால் அட்டைகளில் கிடைக்கும். ஹிக்கின்பாதம்ஸ், வீலே அண்டு க்ளைன் நிறுவனங்களின் அட்டைகளைத் தேடுங்கள். கண்காட்சிப் போட்டியின் சாதாரண தீமாட்டிக் (பொருள்வாரித் தொகுப்பு) பிரிவில் இவற்றை ஏற்க மாட்டார்கள். 'ஓப்பன்' பிரிவில், பாதியாவது அஞ்சல்தலைப் பொருளாக இருந்தால், மீதியில் இவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

எட்டாம் படி: தாள் எழுதுவது

கண்காட்சியில் தாள்களைப் பொருத்திக் காட்டும் பலகையைச் சட்டம் (ஃபிரேம்) என்பார்கள், ஒரு சட்டத்துக்கு ஏ4 அளவில் 16 தாள். தொடக்கத்துக்கு ஒரு சட்டமே போதும், அதற்கென்றே தனிப் போட்டிப் பிரிவும் உண்டு. முதல் தாளில் தலைப்பும் அத்தியாயத் திட்டமும். 'விழுந்தவை, எழுந்தவை' என்று தலைப்பு வைத்தால் வெனிஸ், வார்சா, வியன்னா, பெர்லின், லூபெக் என்று அத்தியாயம் பிரிந்துவிடும். முதல் தாளைக் கடைசியில் எழுதுங்கள், மற்ற 15 தாள்களும் முடிந்தபின்தான் திட்டம் தெளிவாகும்.

தாளில் எழுத்து குறைவாக இருக்கட்டும். தலையைப் பார்த்தாலே தெரிவதை எழுத வேண்டாம். "இது புனித ஸ்தேவான் பேராலயம்" என்பது வீண். "12 க்ரோஷன் நன்கொடை கூரைக்குப் போனது" என்பது நடுவரை நிறுத்தும். ஒரே மாதிரி தலைகளாக நிரப்பாமல் முத்திரை, உறை, மேக்ஸிமம் கார்டு, மினியேச்சர் ஷீட் என்று கலந்து வையுங்கள். விலையுயர்ந்த பொருளுக்குப் பின்னால் மெல்லிய நிறக் கரை கொடுத்தால் கண் அங்கே போகும். தலையைத் தாளில் நேரடியாக ஒட்டாமல் மவுன்ட் என்ற ஒளி ஊடுருவும் சிறு உறையில் செருகுங்கள்.

முதலில் மாவட்ட அளவில் கொடுத்து, நடுவர் குறிப்புகளைக் கேட்டு வாங்கித் திருத்திய பிறகு டானாபெக்ஸுக்கு அனுப்பலாம். அனுப்பும் முன் ஒவ்வொரு தாளையும் தனித்தனிப் பாதுகாப்பு உறையில் இட்டு, தாளின் பின்புறம் கீழ் மூலையில் பென்சிலால் வரிசை எண் போடுங்கள். சட்டத்தில் தாள்களைப் பொருத்துபவர் உங்கள் கதையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார், அந்த எண்ணைப் பார்த்துத்தான் வைப்பார்.